ஆறு மாதத் தவணை: கியூபெக்கின் சாரதி அனுமதிப்பத்திரமும் புலம்பெயர் தமிழரும்

தாயகத்திலிருந்தோ தமிழகத்திலிருந்தோ கியூபெக் மாநிலத்தில் வந்து குடியேறும் ஒரு குடும்பத்தின் கையில், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் கணத்திலேயே இரண்டு மணிக்கூடுகள் கொடுக்கப்படுகின்றன. இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை. இரண்டும் ஆறு மாதத்துடன் நின்றுவிடுபவை.

முதலாவது மணிக்கூடு வாகனம் பற்றியது. வெளிநாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரத்துடன் கியூபெக்கில் குடியேறிய ஒருவர், அதனைக் கொண்டு ஆறு மாதம் வரையே வாகனம் ஓட்டலாம். மாணவர் போன்ற சில பிரிவினருக்கு வேறு விதிகள் இருப்பினும் குடியேறி வாழ வந்தோருக்கு இதுவே பொது விதி. இரண்டாவது மணிக்கூடு மொழி பற்றியது. 96 ஆம் இலக்கச் சட்டமூலம் என்று அறியப்பட்டு 2022 ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட சட்டத்தின்படி, புதிதாக வந்த குடிவரவாளருக்கு மாநில அரசின் அலுவலகங்கள் பிரெஞ்சு அல்லாத மொழியில் சேவை வழங்கக்கூடிய காலம் ஆறு மாதம். சுகாதாரம், பொதுப் பாதுகாப்பு, இயற்கை நீதி ஆகியவற்றுக்கு விதிவிலக்குகள் உண்டு. அந்தச் சட்டம் சரியா தவறா என்பது தனி விவாதம். ஆனால் பழைய அனுமதிப்பத்திரம் செல்லாமற்போகும் நாளும், அலுவலக மேசையில் ஆங்கிலத்துக்கான இடம் சுருங்கும் நாளும் ஏறத்தாழ ஒன்றே என்பதைப் புதிதாக வருபவர்களுள் எத்தனை பேர் அறிந்திருக்கிறார்கள்? அறியாமலே அந்த ஆறு மாதத்தையும் வீடு தேடுவதிலும், வேலை தேடுவதிலும், பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்ப்பதிலும் கழித்துவிட்டு, ஏழாம் மாதத்தில் விழித்துக்கொள்ளும் குடும்பங்களே அதிகம்.

புரோசார்டில் வாகனம் ஏன் வாழ்வாகிறது?

சென்ற் லோரன்ஸ் ஆற்றின் தென்கரையில், சம்பிளேன் பாலத்தின் மறுமுனையில் அமைந்துள்ள புரோசார்ட், 1958 ஆம் ஆண்டு உருவாகிய நகரம். உலகின் பல திசைகளிலிருந்தும் வந்த மக்கள் கலந்து வாழும் ஊர். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்சனிலோ கோட் டெ நேஜிலோ நெருக்கமான மாடிக் குடியிருப்பில் முதற்காலத்தைக் கழிக்கும் குடும்பங்கள், பிள்ளைகள் வளர்ந்தபின் சற்று விசாலமான வீட்டையும் அமைதியான தெருவையும் நாடித் தென்கரைக்கு வருவது புதிதல்ல.

2023 ஆம் ஆண்டு யூலை 31 ஆம் நாள் தொடக்கம் புரோசார்டிலிருந்து மொன்றியல் மத்திய நிலையத்துக்கு ரெம் என்னும் இலகு ரயில் ஓடுகிறது. இருபது நிமிடத்துக்குள் நகரின் நடுவே இறங்கிவிடலாம். இது பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் ரயில் நகரின் நடுவுக்குத்தான் செல்கிறது. புதிதாக வந்தவரின் வேலையோ பெரும்பாலும் நகரின் நடுவில் இருப்பதில்லை. அது நெடுஞ்சாலை ஓரத்துக் களஞ்சியத்திலும், தொழிற்பேட்டையிலும், விடியலுக்கு முன் அடுப்பு மூட்டப்படும் உணவகச் சமையலறையிலும், இரவு முறை முடிவடையும் முதியோர் இல்லத்திலும் இருக்கிறது. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் கிறீன்ஃபீல்ட் பார்க்கிலுள்ள சார்ள்ஸ் லெ மோய்ன் மருத்துவமனைக்குப் பேருந்துக்காகக் காத்திருந்து செல்ல இயலுமா? பனி கொட்டும் சனவரி மாதத்தில் தஷரோ பெருஞ்சாலையோரம் பொதிகளுடன் நிற்கும் தாயைக் கண்டவர்களுக்கு, சாரதி அனுமதிப்பத்திரம் ஆடம்பரப் பொருள் அன்று என்பதை எடுத்துரைக்கத் தேவையில்லை.

இரண்டு சகோதரர், இரண்டு நீதி

கியூபெக்கில் சாரதி அனுமதிப்பத்திரங்களை வழங்குவது எஸ்.ஏ.ஏ.கியூ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மாநில வாகனக் காப்புறுதி நிறுவனம். அது சில நாடுகளுடன் பரஸ்பர உடன்பாடு செய்துள்ளது. பிரான்சு, யேர்மனி, பெல்ஜியம், சுவிற்சர்லாந்து, பிரித்தானியா, யப்பான், தென்கொரியா முதலிய நாடுகளில் பெற்ற அனுமதிப்பத்திரத்தைப் பரீட்சை எதுவுமின்றி மாற்றிக்கொள்ளலாம். கனடாவின் பிற மாநிலங்களில் பெற்றதற்கும் அவ்வாறே. இலங்கையும் இந்தியாவும் அந்தப் பட்டியலில் இல்லை. அங்கிருந்து வருவோர் முதலில் அறிவுப் பரீட்சையிலும், பின்னர் வீதிப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும்.

இதன் விளைவைத் தமிழர்களை விடத் துல்லியமாக உணரக்கூடியவர்கள் வேறு யாருமிலர். யாழ்ப்பாணத்தில் ஒரே வீட்டிற் பிறந்த இரு சகோதரர்களை எடுத்துக்கொள்வோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். மூத்தவர் பாரிசில் சில ஆண்டுகள் வாழ்ந்து, பிரெஞ்சு அனுமதிப்பத்திரத்துடன் புரோசார்டுக்கு வருகிறார். அவர் ஆவணங்களைக் காட்டி, கட்டணத்தைச் செலுத்தி, மாற்றிக்கொள்கிறார். இளையவர் கிளிநொச்சியில் பதினைந்து ஆண்டுகள் பாரவூர்தி ஓட்டியவர். அவர் பரீட்சை மண்டபத்தில் மாணவனாக உட்காருகிறார். இளையவரின் மனம் புண்படுவது இயல்பே.

இந்த வேறுபாட்டுக்கு வீதியின் இடப்புறம் வலப்புறம் காரணம் என்று கூறுவோர் உண்டு. அது சரியான விடை அன்று. பிரித்தானியரும் யப்பானியரும் இலங்கையரைப் போலவே இடப்புறம் வாகனம் ஓட்டுபவர்கள். அவர்களுக்குப் பரீட்சை இல்லை. உண்மையான காரணம் அரசுகளுக்கு இடையிலான நம்பிக்கையும் உடன்பாடும். ஒரு நாட்டின் பரீட்சை முறையை மற்றைய நாடு ஏற்கிறதா, தன் குடிமக்களுக்கும் அங்கே அதே சலுகை கிடைக்கிறதா என்பவற்றைக் கொண்டே அந்தப் பட்டியல் எழுதப்படுகிறது. தனிமனிதரின் திறமை அதில் அளக்கப்படுவதில்லை. இத்தாலி ஒரு காலத்தில் இலங்கையுடன் அத்தகைய உடன்பாட்டைச் செய்துகொண்டமை, இவ்விடயம் பேச்சுவார்த்தைக்கு உட்பட்டது என்பதற்குச் சான்று. ஆகவே பரீட்சைக்கு அழைக்கப்படுவதை இழிவாகக் கொள்ளவேண்டியதில்லை. அதேவேளை, அது எல்லோருக்கும் சமமான ஏற்பாடு என்று பாசாங்கு செய்யவும் வேண்டியதில்லை.

பரீட்சை பகையல்ல

சமமற்றது என்பதால் பரீட்சையே வேண்டாம் என்று வாதிடுவது தவறு. வீதி என்பது ஒரு மொழி. அம்மொழியின் இலக்கணம் நாட்டுக்கு நாடு மாறுபடுகிறது. கொழும்பிலும் சென்னையிலும் ஒலிப்பான் பேசுகிறது. பெரிய வாகனத்துக்குச் சிறிய வாகனம் வழிவிடுகிறது. கியூபெக்கிலோ கோடும் விளக்கும் பலகையும் பேசுகின்றன. பச்சை விளக்கு மினுங்கினால், எதிர்த்திசையில் சிவப்பு, இடப்புறம் திரும்புபவருக்கு வழி என்பது பொருள். மஞ்சள் நிறப் பாடசாலைப் பேருந்து சிவப்பு விளக்குகளை மினுக்கி நிற்கும்போது, ஐந்து மீற்றருக்கு அப்பால் நிற்க வேண்டும். நடுவே தடுப்பில்லாத வீதியில் எதிரே வருபவரும் நிற்க வேண்டும். தவறினால் அபராதத்துடன் ஒன்பது தண்டப்புள்ளிகள். ஊர் அனுபவம் எத்தனை ஆண்டுகளாயினும் இதனைக் கற்பிக்கவில்லை.

புரோசார்டில் வாழ்பவருக்கு இன்னொரு நுட்பமும் உண்டு. 2003 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தொடக்கம் கியூபெக்கில் சிவப்பு விளக்கில் முழுமையாக நின்றபின் வலப்புறம் திரும்ப அனுமதி உண்டு. ஆனால் மொன்றியல் தீவில் அந்த அனுமதி இல்லை. தடைப்பலகை இல்லாத புரோசார்ட் சந்தியில் சட்டப்படி செய்த அதே செயல், சம்பிளேன் பாலத்தைக் கடந்து பத்து நிமிடத்தில் குற்றமாகிவிடுகிறது. டிசம்பர் முதலாம் நாள் தொடக்கம் மார்ச் 15 ஆம் நாள் வரை குளிர்காலச் சக்கரங்கள் கட்டாயம். பனிக்கட்டி படிந்த வீதியில் தடுப்பை அழுத்தும் முறையே வேறு. இவற்றையெல்லாம் ஒருவர் அறிந்திருக்கிறாரா என்று மாநிலம் கேட்பதில் அநீதி என்ன இருக்கிறது? அந்தக் கேள்வி வீதியைக் கடக்கும் தமிழ்ப் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் கேட்கப்படுகிறது.

வீதிப் பரீட்சையில் அனுபவம் மிக்கவர்கள் தவறுவதற்கும் காரணம் இதுவே. வாகனத்தைக் கையாளத் தெரியாமல் அவர்கள் தவறுவதில்லை. ‘ஆரே’ என்று எழுதப்பட்ட நிறுத்தற்பலகையில் முழுமையாக நிற்காமல் மெல்ல உருட்டிச் செல்வது, திரும்புமுன் தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பிக் கண்ணாடியில் தெரியாத பகுதியைப் பார்க்காதது, பாதசாரிக்காகக் காத்திராதது போன்ற பழக்கங்களே காலை வாருகின்றன. சில மணிநேரப் பயிற்சியை ஓர் உள்ளூர்ப் பயிற்றுநரிடம் பெறுவது அனுபவத்துக்கு அவமதிப்பு அன்று. இரண்டாம் முறை பரீட்சைக்குக் காத்திருக்கும் வாரங்களில் இழக்கும் சம்பளத்துடன் ஒப்பிட்டால் அது மலிவானது.

குறுக்குவழியின் விலை

ஒன்ராறியோவில் அறிவுப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். கியூபெக்கில் அந்த வாய்ப்பு இல்லை. ஒன்ராறியோ அனுமதிப்பத்திரத்தைக் கியூபெக்கில் பரீட்சையின்றி மாற்றலாம் என்பதும் தெரிந்ததே. இவ்விரண்டையும் இணைத்து, ரொறொன்ரோவில் உள்ள உறவினரின் முகவரியைக் கொடுத்து அங்கே அனுமதிப்பத்திரம் எடுத்துவிடலாமே என்று ஆலோசனை கூறுவோர் ஒவ்வொரு சமூகத்திலும் இருப்பர். அது உதவி அன்று, பொறி. வாழாத முகவரியில் பெற்ற அனுமதிப்பத்திரம் பொய்க்கூற்றின் மேல் நிற்பது. குடிவரவு விண்ணப்பம் நிலுவையில் உள்ள ஒருவருக்கு, அரச ஆவணமொன்றிற் பொய் உரைத்தமை எங்கெல்லாம் சென்று முட்டும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆறு மாதம் கடந்த பின்னரும் பழைய அட்டையுடன் ஓட்டுவது அதனிலும் கொடியது. சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் கையில் இருக்கிறதே என்பது விடையாகாது. அது 1949 ஆம் ஆண்டின் ஜெனீவா வீதிப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் கீழ்ப் பயணிகளுக்காக ஏற்பட்டது. குடியேறி வாழ்பவருக்கு அது தனித்த உரிமையைத் தருவதில்லை. செல்லுபடியான அனுமதியின்றி ஓட்டினால் அபராதம் உண்டு, வாகனம் கைப்பற்றப்படலாம். 1978 ஆம் ஆண்டு தொடக்கம் வீதி விபத்தில் உடற்காயம் அடையும் கியூபெக்வாசிகளுக்கு, தவறு யாருடையதாயினும் மாநிலமே இழப்பீடு வழங்குகிறது. ஆனால் வாகனத்துக்கும் பிறர் பொருளுக்கும் ஏற்படும் சேதம் தனியார் காப்புறுதியைச் சேர்ந்தது. அனுமதியற்ற சாரதி என்று தெரிந்தால் அங்கே கேள்விகள் எழும். குடும்பத்தின் சில ஆண்டுச் சேமிப்பு ஒரு மாலைப்பொழுதிற் கரைந்துபோக அதுவே போதும்.

ஆவணம் இழந்தவனுக்கு யார் சாட்சி?

பரீட்சை நியாயமானது என்று ஏற்றுக்கொண்ட பின்னரும், நியாயமற்ற ஒன்று எஞ்சி நிற்கிறது. புலம்பெயர் தமிழ் அமைப்புகள் குரல் கொடுக்க வேண்டிய இடம் அதுவே.

கியூபெக்கில் முதன்முறையாக அனுமதிப்பத்திரம் பெறுவோருக்கு 2010 ஆம் ஆண்டு சனவரி மாதம் தொடக்கம் சாரதிப் பயிற்சி மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. 24 மணிநேரக் கோட்பாட்டு வகுப்பு, 15 மணிநேர வீதிப் பயிற்சி, ஏறக்குறைய ஓராண்டுக் காலம், பல நூறு டொலர் செலவு. வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தைக் காட்டக்கூடியவர் இந்த நீண்ட வழியைத் தவிர்த்து நேரடியாகப் பரீட்சைகளுக்குச் செல்லலாம். காட்ட இயலாதவர் பதினாறு வயதுப் பிள்ளையுடன் ஒரே வரிசையில் முதற்படியிலிருந்து தொடங்க வேண்டும்.

காட்ட இயலாதவர்கள் யார்? 2009 ஆம் ஆண்டு வன்னியில் இடம்பெயர்வுக்கு மேல் இடம்பெயர்ந்து, உடுத்த உடையுடன் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறிய மக்களைத் தமிழர்கள் மறந்துவிட முடியாது. வீட்டையும் உறவையும் இழந்த அந்த வேளையில் யார் அனுமதிப்பத்திரத்தைத் தேடி எடுத்தார்கள்? அதற்கு முன்னரும் பதுங்குகுழிகளிலும் எரிந்த வீடுகளிலும் ஆவணங்களை இழந்தவர்கள் எண்ணற்றோர். புதிய பிரதி எடுத்து வரலாமே என்று அலுவலர் கேட்கக்கூடும். எந்த அரசிடமிருந்து தப்பி வந்து அடைக்கலம் கோருகிறாரோ, அதே அரசின் தூதரக வாயிலில் அகதி ஒருவர் சென்று நிற்க வேண்டும் என்று கேட்பதற்கு அது சமம்.

இது புதிய சிக்கல் அன்று. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தின் 25 ஆவது உறுப்புரை இதற்காகவே எழுதப்பட்டது. வேற்று நாட்டு அதிகாரிகளின் உதவி தேவைப்படும் உரிமையொன்றை அகதி பயன்படுத்த முற்படும்போது, அந்த உதவியைப் பெற இயலாதவராயின், அடைக்கலம் தந்த நாடே அதற்கு வழிசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். கனடா 1969 ஆம் ஆண்டு அவ்வொப்பந்தத்தில் இணைந்தது. சாரதி அனுமதிப்பத்திரம் மாநில அரசின் அதிகாரம் என்பது உண்மை. ஆனால் கைச்சாத்திட்ட வாக்குறுதியின் உள்ளுணர்வு ஒட்டாவா எல்லையில் நின்றுவிடக் கூடாது.

கேட்கவேண்டியது சலுகை அன்று. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒருவர், தான் வாகனம் ஓட்டியவர் என்று சத்தியக்கடதாசி அளித்தால், அவரை நேரடியாக இரு பரீட்சைகளுக்கும் அனுமதிக்க வேண்டும் என்பதே கோரிக்கை. அவர் பொய் கூறினால் வீதிப் பரீட்சை கால் மணிநேரத்திற் காட்டிக்கொடுத்துவிடும். பொதுப் பாதுகாப்புக்கு இதனால் எந்த இழப்பும் இல்லை. ஓர் உழைப்பாளிக்கு ஓராண்டு மிச்சம். இதனை வலியுறுத்தும் கடிதம் செல்லவேண்டிய இடம் கியூபெக் தேசியப் பேரவை உறுப்பினர்களின் அலுவலகங்கள். தென்கரைத் தமிழரின் வாக்கு அவர்களுக்கும் தேவைப்படும் வாக்கே. ஆப்கானிஸ்தானிலிருந்தும் சிரியாவிலிருந்தும் வந்தவர்களின் துயரும் இதுவே ஆகையால், அவர்களுடன் சேர்ந்து ஒலிக்கும் குரல் இன்னும் வலுப்பெறும்.

அம்மாவின் கையில் திறப்பு

அரசிடம் கேட்கவேண்டியதைக் கேட்கும் அதேவேளை, வீட்டுக்குள் கேட்கவேண்டிய கேள்வியும் உண்டு. பல தமிழ் வீடுகளில் அனுமதிப்பத்திரம் தந்தைக்கு மட்டுமே உரியதாக இருப்பது ஏன்?

இதற்கு வரலாறு ஒரு பகுதி விடை தருகிறது. 1990 ஆம் ஆண்டு தொடக்கம் யாழ்ப்பாணத்தின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோல் அரிதாகியது. மண்ணெண்ணெயில் ஓடிய பழைய மொரிஸ் மைனர்களையும் ஒஸ்ரின்களையும் தவிர, ஊரே சைக்கிளில் நகர்ந்தது. அந்தத் தலைமுறைப் பெண்கள் பள்ளிக்கும் வேலைக்கும் சைக்கிளில் மைல் கணக்காக மிதித்துச் சென்றவர்கள். துணிவு அவர்களுக்குக் குறைவில்லை. கார் ஓட்டிப் பழகும் வாய்ப்புத்தான் கிட்டவில்லை. அவர்களே புரோசார்டில் வந்து, கடைக்குச் செல்லவும் கணவரின் விடுமுறை நாளுக்காகக் காத்திருக்க நேர்வது எத்தனை பெரிய சுருக்கம்!

தாய் வாகனம் ஓட்டக் கற்பதனால் குடும்பத்தின் வருமானம் மட்டும் மாறுவதில்லை. அவர் பிரெஞ்சு வகுப்புக்குத் தானே செல்வார். பாடசாலைக் கூட்டத்துக்குத் தானே செல்வார். கணவர் நோயுற்றால் குடும்பம் முடங்காது. ஓராண்டுப் பயிற்சி நீண்டதாகத் தோன்றலாம். ஆனால் தொடங்காத ஓராண்டும் கழிந்தே போகிறது.

இளையோர்க்கும் ஒரு பங்கு உண்டு. வீட்டில் பிரெஞ்சு சரளமாக அறிந்தவர்கள் அவர்களே. ஒவ்வொரு படிவத்தையும் நிரப்பிக் கொடுத்து, ஒவ்வொரு அலுவலகத்துக்கும் உடன்சென்று, பெற்றோரின் நிரந்தர மொழிபெயர்ப்பாளராக இருப்பது உதவி போலத் தோன்றும். நாளடைவில் அது இரு சாராரையும் கட்டிப்போடும். அதனிலும் மேலான உதவி, வாரத்தில் இரண்டு மாலைகள் சாரதிக் கையேட்டை எடுத்து, ‘முன்னுரிமை’, ‘பாதசாரி’, ‘வேக எல்லை’ முதலிய நூறு பிரெஞ்சுச் சொற்களைத் தாய்க்கும் தந்தைக்கும் கற்றுக்கொடுப்பது. அறிவுப் பரீட்சை கேட்கும் பிரெஞ்சு, இலக்கியப் பிரெஞ்சு அன்று. அந்த நூறு சொற்கள் பின்னர் வேலைத்தளத்திலும் கைகொடுக்கும். தமிழ்ப் பாடசாலைகளும் ஊர்ச் சங்கங்களும் கோயில்களும் ஒரு மண்டபத்தையும் ஒரு கரும்பலகையையும் தந்தால், இத்தகைய வகுப்பு நடத்துவதற்குப் பெரும் பணம் தேவைப்படாது.

இளையோர் தம்மைப் பற்றியும் ஒன்றை நினைவில் நிறுத்த வேண்டும். பயிலுநர் அனுமதியோ தகுதிகாண் அனுமதியோ வைத்திருப்பவர் நான்கு தண்டப்புள்ளிகள் பெற்றாலே அனுமதி இடைநிறுத்தப்படும். கைபேசியைப் பிடித்துக்கொண்டு ஓட்டும் ஒரே குற்றத்துக்கு ஐந்து புள்ளிகள். அவர்கள் மது ஒரு துளியும் அருந்தி ஓட்டக்கூடாது. பெற்றோர் ஓராண்டு பாடுபட்டுப் பெறும் ஒன்றை, பிள்ளை ஒரு குறுஞ்செய்தியில் இழந்துவிடலாம்.

காலந்தாழ்த்தாமை

2023 ஆம் ஆண்டு சனவரி இறுதியில் எஸ்.ஏ.ஏ.கியூ. தனது புதிய கணினி முறைமைக்கு மாறுவதற்காகச் சேவை நிலையங்களை வாரக்கணக்கில் மூடியது. பெப்ரவரியில் மீண்டும் திறந்தபோது கடுங்குளிரில் வாயில்களுக்கு வெளியே நீண்ட வரிசைகள் நின்றன. 2025 ஆம் ஆண்டு மாநிலக் கணக்காய்வாளர் அந்தத் திட்டத்தின் செலவு 110 கோடி டொலரை எட்டக்கூடும் என்று அறிவித்தார். பின்னர் விசாரணை ஆணைக்குழுவும் அமைக்கப்பட்டது. அரசின் பிழையால் அந்த வாரங்களில் மிகவும் அல்லற்பட்டிருக்கக் கூடியவர்கள், எல்லாவற்றையும் கடைசி மாதத்துக்கு ஒதுக்கி வைத்தவர்கள். முன்னேற்பாடு செய்தவருக்கு அரசின் பிழையைத் தாங்கும் இடைவெளி இருந்தது.

ஆகவே புதிதாக வரும் உறவினருக்கு முதல் வாரத்திலேயே சொல்லப்படவேண்டியவை சில. பழைய அனுமதிப்பத்திரத்தின் மூலப்பிரதியைப் பத்திரப்படுத்த வேண்டும். எத்தனை ஆண்டுகளாக ஓட்டுகிறார் என்பதை அந்த அட்டை காட்டாவிடில், ஊரைவிட்டுப் புறப்படுமுன்னரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உறுதிக் கடிதம் பெற்றுவர இயலுமானவர்கள் பெற்றுவர வேண்டும். முதல் மாதத்திலேயே நேரக்குறிப்பு எடுக்க வேண்டும். இரண்டாம் மாதத்தில் கையேட்டை முடிக்க வேண்டும். குளிர்காலம் நெருங்குமுன் உள்ளூர்ப் பயிற்றுநருடன் சில மணிநேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அலைகடல் தாண்டி வந்த மக்களுக்கு ஓர் ஆற்றைத் தாண்டுவது பெரிய காரியம் அன்று. ஆனால் அந்த ஆற்றின் இரு கரைகளிலும் விதிகள் வேறு என்பதை அறிந்தவரே பாலத்தைப் பத்திரமாகக் கடப்பார். விதியைக் கற்றுக்கொள்வது புதிய மண்ணில் வாழ வந்தோரின் கடமை. ஆவணத்தையும் போருக்குப் பலி கொடுத்தவரைப் பரீட்சைக்கேனும் அனுமதிப்பது அந்த மண்ணின் கடமை. முதலாவதைப் புலம்பெயர் தமிழர்கள் குறைவின்றிச் செய்யும்போது, இரண்டாவதைக் கோரும் அவர்களின் குரலுக்கு மறுமொழி கூறாமல் இருப்பது எவருக்கும் எளிதாக இராது.